எண்ணூறு மில்லிலீற்றர்

லிங்கநகர், திருகோணமலை
05.05.2024

அன்பின் அஞ்சலோ,

நேற்றுப் போன் தானாக அறுந்துபோகவில்லை. நான்தான் வைத்தேன். நடுக்கடலில் சிக்னல் போய்விட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. அதனால் இதை முதலில் எழுதுகிறேன்.

கதைத்தால் நீங்கள் கத்துகிறீர்கள், நான் வைத்துவிடுகிறேன். புருஷனும் பெண்சாதியுமாக இந்த வருடம் இது நான்காவது தடவை. இனிக் கொஞ்சக் காலத்துக்கு ஈமெயிலிலேயே எழுதிக்கொள்வோம். கப்பலில் அது ஒன்றாவது ஒழுங்காக வேலை செய்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலைப் பூசை முடிந்து வந்து, காரின் கியர்பொக்ஸ் ஒயிலை நானே மாற்றிவிட்டேன். ஓம், நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அதே ஒயில்தான். காரைச் செய்தவர்களின் ஒயில் இல்லை, வேறொரு கொம்பனியின் ஒயில்.

நேற்று நீங்கள் சொல்ல விடாததை இப்போது வாசியுங்கள். அந்த அசல் ஒயிலுக்காக இரண்டு மாதம் காத்திருந்தேன். கிண்ணியாவில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஸுஹைர் நானா கொழும்புக்கு எத்தனை தடவை சொல்லியும் வரவில்லை. கார் ஏற்றத்தில் நடுங்கத் தொடங்கிவிட்டது. கடைசியில் அவர்தான் இந்தப் போத்தல்களை எடுத்து வைத்தார்.

"மிஸ், இது மாத்து ஒயில். நான் மறைக்க மாட்டன். ஆனா உங்கட காரிட புத்தகத்தில என்ன நம்பர் கிடக்கோ, அதே நம்பர் போத்தல்லயும் கிடக்கு. நீங்களே ஒத்துப் பாருங்க. இல்லாட்டி வாங்க வேணாம்" என்றார்.

ஒத்துப் பார்த்தேன். இருந்தது. கார் வாங்கிய வருடம் ஒரு கடதாசியில் கீறிக் காட்டினீர்களே: நம்முடைய காரில் மற்றக் கார்களைப் போலப் பல்லுச் சில்லுகள் இல்லை, இரண்டு கப்பிகளுக்கு நடுவே உருக்குப் பெல்ட் ஒன்று ஓடுகிறது, ஒயில் அதைத் தேயவும் விடக் கூடாது, வழுக்கவும் விடக் கூடாது என்று. நான் அதை மறக்கவில்லை. கண்ட கண்ட ஒயிலை ஊற்றவுமில்லை.

கராஜில் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தால் மூன்று நாள் கிடக்கும். மைமூனா டீச்சருக்குச் செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கிண்ணியாவில் இருந்து கூட்டி வந்து, நாலு மணித்தியாலம் காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது நான். இந்த மெசினுக்குப் 'பிறகு வாறன்' என்று சொல்ல ஏலாது.

பக்கத்து வீட்டு ஜக்சனிடம் இரண்டு இரும்புத் தாங்கி வாங்கி, காரின் முன்பக்கத்தை உயர்த்தி, கீழே படுத்து, எல்லாம் புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்தேன். பழைய ஒயில் கோப்பிக் கறுப்பில் இறங்கியது. புது ஒயிலுடன் நிலாவெளி வரை ஓடிப் பார்த்தேன். நடுக்கம் இல்லை.

சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேறு யாரும் இல்லை.

மெலனி


கப்பலில் இருந்து
09.05.2024

அன்புள்ள மெலனி,

நான் கத்தியது பிழை. சொன்னது பிழை இல்லை.

ஜக்கில் ஏற்றிய காருக்குக் கீழே நீர் தனியாகப் படுத்திருந்ததை வாசித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது சரிந்திருந்தால் யார் பார்த்திருப்பார்? இதைக் கேட்டால் நான் பெண்ணென்று குறைத்துப் பார்க்கிறேன் என்பீர். இல்லை. என்ஜின் அறையில் நானும் தனியாக எதற்குக் கீழேயும் படுக்க மாட்டேன்.

ஒயில் விஷயத்தில் எனக்கு ஒரு சட்டம்தான் தெரியும். செய்தவன் புத்தகத்தில் எதை எழுதினானோ அதை ஊற்ற வேண்டும். பதினேழு வருடம் கப்பலில் இப்படித்தான் வேலை செய்தேன். அதனால்தான் செகண்ட் என்ஜினியரான என்னை இந்தப் பயணம் முடிந்ததும் சீஃப் என்ஜினியராக ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 'இதுவும் அதுவும் ஒன்றுதான்' என்பது கடைக்காரரின் கதை.

நடந்தது நடந்துவிட்டது. எனக்கு இவற்றை எழுதும். பழைய ஒயில் எவ்வளவு வந்தது? புதியது எவ்வளவு விட்டீர்? மட்டம் பார்க்கும்போது ஒயில் எவ்வளவு சூடு? கார் சமமாக நின்றதா?

சந்தோஷத்தைச் சொல்ல யாரும் இல்லை என்று எழுதியிருந்தீர். அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அஞ்சலோ


லிங்கநகர்
02.06.2024

அன்பின் அஞ்சலோ,

மூன்று வாரம் பதில் போடவில்லை. கோபம்தான். சந்தோஷத்தைச் சொன்ன இடத்தில் நாலு கேள்வி கேட்டீர்கள். நான் சோதினை எழுதும் பிள்ளை இல்லை. அந்தக் கணக்கெல்லாம் என் கொப்பியில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

உங்கள் சட்டத்துக்குப் பதில் காரே சொல்லுகிறது. ஆயிரத்து முந்நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டது. கிண்ணியா, வெள்ளைமணல், சீனக்குடா, பெரியாஸ்பத்திரி, திரும்பவும் கிண்ணியா. ஒரு குறையும் இல்லை.

மைமூனா டீச்சர் நேற்று ஒரு கதை சொன்னார். சிறுநீரக வருத்தம் வந்த புதிதில் அவருடைய தம்பி முனீப் ஒரு வான் பிடித்துக் கொடுத்தாராம். டிரைவர் நல்ல மனிதர்தான். ஆனால் வாந்தி வந்தால், உடுப்பு விலகினால், ஒரு ஆம்பிளையிடம் எப்படிச் சொல்லுவது? "வாயப் பொத்திக்கிட்டு இருந்தன் மகள். இப்பதான் காருக்குள்ள மூச்சு விடுறன்" என்றார். நர்சரிப் பள்ளிக்கூடம் மூடிய பிறகு நான் சும்மா பொழுது போக்கத்தான் இந்த ஓட்டத்தைத் தொடங்கினேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இது பொழுதுபோக்கு இல்லை.

உங்களிடம் இருந்தும் ஒரு வரியும் இல்லை. கடல் சரியில்லையா?

மெலனி


கப்பலில் இருந்து
11.06.2024

மெலனி,

இங்கே வேலை கூட. போன வாரம் ஒருவருக்குக் கால் அடிபட்டது. ரொமுலோ என்று பெயர், பிலிப்பைன்காரர், எங்கள் ஃபிற்றர். மொறீசியசில் இறக்கி ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறோம். நாங்கள் தென்னாபிரிக்காவுக்கு, டேர்பன் துறைமுகத்துக்குப் போகிறோம்.

எனக்கு ஒன்றும் இல்லை. யோசிக்க வேண்டாம். கார் ஓடுகிறதென்றால் நல்லது.

அஞ்சலோ


லிங்கநகர்
20.06.2024

அஞ்சலோ,

கார் பாலத்தில் நின்றுவிட்டது.

நேற்று முன்தினம், செவ்வாய்க்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள். டீச்சரை ஆஸ்பத்திரியில் இருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். கிண்ணியாப் பாலம் முழுக்கச் சனம். குடும்பம் குடும்பமாகக் கைபிடியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். ஊர்ந்து ஊர்ந்துதான் போனோம். நல்ல வெயில். பாதிப் பாலத்தில் கியர்பொக்ஸ் பக்கம் ஒரு கூவல் எழும்பியது. அடுத்ததாகக் கார் உதறியது. நான் மிதிக்க மிதிக்க என்ஜின் கத்துகிறது, கார் முன்னுக்குப் போகவில்லை. பிறகு அடியோடு நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது.

உதறலில் டீச்சர் கதவைப் பிடித்திருக்கிறார். ஊசி போட்ட கைதான் அது. கட்டுக்கு மேலே இரத்தம் கசிந்தது.

"டீச்சர், கையத் தாங்கோ" என்று கேட்டு, நர்ஸ் சொல்லித் தந்த மாதிரிப் பெருவிரலால் அமத்திப் பிடித்தேன். மற்றக் கையால் முனீப் நானாவுக்குப் போன் பண்ணினேன்.

"பதறாதீங்க மகள். விட்டு விட்டு அமத்தினா இரத்தம் நிக்காது" என்றார் டீச்சர். முகமெல்லாம் வெளிறி, உதடு காய்ந்து இருந்தது. தண்ணீர் கேட்டார். அவருக்கு அளந்துதான் கொடுக்க வேண்டும். ஒரு மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். இருபத்தைந்து நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தேன். இரத்தம் நின்றது.

முனீப் நானா வானில் வந்தார். டீச்சரை ஏற்றி இருத்தின பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"என்ன நடந்த?"

"கியர்பொக்ஸ். போன மாசம் ஒயில் மாத்தினனான்."

"எந்த கராஜ்ல?"

"நான்தான் மாத்தினனான்."

"நீங்களா? எங்கட ராத்தாட உசிரு உங்களுக்கு விளையாட்டா? என்ன ஒயில்?"

சொன்னேன். ஸுஹைர் நானாவின் கடையில் வாங்கியது, மாற்று ஒயில் என்று.

"அப்ப அவன் கள்ள ஒயில் வித்திருக்கான். அவன நான் பாத்துக்கிறன்" என்றார்.

இல்லை, அது கள்ள ஒயில் இல்லை, அவர் மறைக்காமல் சொல்லித்தான் தந்தார் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். முனீப் நானாவின் கோபம் என்னை விட்டு ஸுஹைர் நானாவின் பக்கம் போனது எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை உங்களைத் தவிர யாருக்கும் எழுத மாட்டேன்.

டிராக்டரில் கட்டித்தான் காரைக் கொண்டுவந்தேன். டீச்சர் இன்று வானில் போனார்.

நீங்கள் சொன்னது சரியாகப் போய்விட்டது. சந்தோஷப்படுவீர்களோ தெரியாது. நீங்கள் அன்று கேட்ட கணக்கு இது, கொப்பியில் இருந்தபடியே எழுதுகிறேன். இறங்கிய பழைய ஒயில் மூன்று லீற்றர் எண்ணூறு. விட்ட புது ஒயில் மூன்று லீற்றர். மட்டம் பார்க்கும் துளையால் சொட்டத் தொடங்கியதும் நிறுத்தினேன், புத்தகம் அப்படித்தான் சொல்லுகிறது. சூடு, கையால் தொட்டுப் பார்த்த சூடு. முன்பக்கம் இரண்டு தாங்கியில், பின்பக்கம் நிலத்தில்.

இன்னொன்று. அந்தக் கூவல் ஜூன் இரண்டாம் திகதி உங்களுக்கு எழுதும்போதே மெல்லக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 'ஒரு குறையும் இல்லை' என்று எழுதினேன்.

மெலனி


கப்பலில் இருந்து
22.06.2024

அன்புள்ள மெலனி,

சந்தோஷப்படவில்லை. டீச்சரின் கையை அப்படிப் பிடித்துக்கொண்டு இருந்தீரே, அது எனக்கு வந்திருக்குமோ தெரியாது.

இப்போது கவனமாகக் கேளும். பிழை ஒயிலில் இல்லை என்று நினைக்கிறேன். உம்முடைய கணக்கிலேயே இருக்கிறது. மூன்று எண்ணூறு வந்த இடத்தில் மூன்றுதான் போயிருக்கிறது. எண்ணூறு மில்லிலீற்றர் குறைவு. முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்து கார் சரிவாக நின்றிருக்கிறது. உள்ளே ஒயில் துளைப் பக்கம் ஒதுங்கி, நிரம்ப முன்பே சொட்டியிருக்கிறது. புத்தகம் 'துளையால் சொட்டும்வரை' என்று சொல்லுவதற்கு ஒரு வரி முன்னால் 'வாகனம் சமதரையில்' என்று சொல்லியிருக்கும். பாரும்.

குறைந்த ஒயிலோடு பம்ப் காற்றை இழுத்திருக்கும். அதுதான் கூவல். வெயிலில் ஊர்ந்தபோது சூடேறி நுரைத்து, பெல்ட்டைப் பிடிக்கும் அழுத்தம் விழுந்துவிட்டது. அசல் ஒயிலை இதே அளவுக்கு ஊற்றியிருந்தாலும் இதே பாலத்தில் நின்றிருக்கும்.

செய்ய வேண்டியது: நாலு பக்கமும் ஒரே உயரத்தில் தாங்கி வையும். ஜக்சன் பக்கத்தில் நிற்கட்டும். ஒயிலின் சூட்டைக் காட்டும் கருவி யாரிடமாவது வாங்கும். சிறிது ஒயிலை வெள்ளைத் துணியில் எடுத்து வெயிலில் பிடித்துப் பாரும். சாம்பல் நிறம் என்றால் பரவாயில்லை. மினுங்கினால் பெல்ட் தின்னப்பட்டிருக்கிறது, அப்போது ஓட வேண்டாம்.

மே மாதமே அந்த நாலு கேள்விக்கும் நீர் பதில் எழுதியிருக்கலாம். நானும் முதலில் 'நல்லாய்ச் செய்தீர்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பிறகு கேட்டிருக்கலாம்.

அஞ்சலோ


லிங்கநகர்
30.06.2024

அன்பின் அஞ்சலோ,

புத்தகத்தைப் பார்த்தேன். 'வாகனம் சமதரையில்' இருந்தது. அன்று அதை வாசித்துமிருக்கிறேன், பென்சிலால் கோடும் போட்டிருக்கிறேன். முற்றம் சமதரைதானே என்று நினைத்தேனே தவிர, நான் உயர்த்தி வைத்த கார் சமமா என்று நினைக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த நேரம் முதலில் காரைத் தொட மனம் வரவில்லை. பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். ஸுஹைர் நானாவின் கடை திறந்திருந்தது, ஆனால் வெறுமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் வரும் நேரம் முனீப் நானா கடை வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். "வருத்தக்காரி போற காருக்குக் கள்ள ஒயில் குடுத்தவன்" என்று. அதற்குப் பிறகு நாலு பேர் ஒயில் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்களாம். ஒரு மேசையில் அவை வரிசையாக நின்றன.

நான் நின்றபடியே சொன்னேன். "நானா, உங்கட ஒயிலில பிழையில்ல. நான்தான் அளவு காணாம விட்டனான். எண்ணூறு மில்லி குறைவு."

அவர் கோபிப்பார் என்று இருந்தேன். ஒரு போத்தலை எடுத்து வரிசையில் நேராக்கி வைத்தார். "மிஸ், இத என்கிட்ட சொன்னதுக்கு நன்றி. ஆனா என்கிட்ட சொல்லி வேலையில்லையே. எனக்கு முதல்லயே தெரியும்தானே" என்றார்.

அங்கேயே நின்று முனீப் நானாவுக்குப் போன் பண்ணினேன். வந்தார். அந்த நேரம் கடையில் இரண்டு பேர் சாமான் வாங்க நின்றார்கள், வாசலில் மூன்று பேர். நர்சரியில் முப்பது பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு முன்னால் பேசியவள், ஐந்து பேருக்கு முன்னால் குரல் வரவில்லை.

"அண்டைக்குப் பாலத்தில நீங்க கள்ள ஒயில் எண்டு சொல்லேக்க நான் பேசாம நிண்டனான். அது பிழை. இவர் எல்லாம் சொல்லித்தான் தந்தவர். காரைச் சரிவா வச்சு மட்டம் பாத்தது நான்."

முனீப் நானா என்னைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். "ஆக்களுக்கு முன்னால பேசின நான். அப்ப ஆக்களுக்கு முன்னாலேயே கேக்கிறன். ஸுஹைர், மன்னிச்சுக்கங்க" என்றார். என்னிடம் ஒரு சொல்லும் கதைக்காமல் போய்விட்டார். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

ஒயிலின் சூட்டைக் காட்டும் கருவியைத் தந்தது ஸுஹைர் நானாதான். ஜக்சன் வீட்டுக் கொங்கிறீற்றுத் தரையில் நாலு தாங்கி வைத்து, மட்டப் பலகை வைத்துப் பார்த்து, நீங்கள் சொன்னபடியே செய்தோம். எழுநூற்றெண்பது போனதும் சொட்டியது. மிச்சம் இருபது எங்கே என்று கேட்க வேண்டாம், அது என் சட்டையில் இருக்கிறது. வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம்தான், மினுக்கம் இல்லை. கூவலும் இல்லை.

டீச்சர் இன்னும் வானில்தான் போகிறார். கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்தால் கை தானாகக் காரின் திறப்பைத் தேடுகிறது.

மெலனி


கப்பலில் இருந்து, டேர்பனுக்கு வெளியே நங்கூரத்தில்
08.07.2024

என் மெலனி,

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். நீர் ஐந்து பேருக்கு முன்னால் நின்றதை வாசித்த பிறகு எனக்கு ஒழுங்காக நித்திரை இல்லை.

ரொமுலோவுக்குக் கால் அடிபட்டது என்று மட்டும் எழுதினேன். எப்படி என்று எழுதவில்லை.

கப்பலின் பின்பக்கத்தில் சாப்பாட்டுச் சாமான் ஏற்றும் ஒரு சின்னக் கிரேன் இருக்கிறது. ஒயில் அழுத்தத்தில் வேலை செய்வது. மே மாதக் கடைசியில் அதில் ஒயில் குறைந்துவிட்டது. அதற்குரிய ஒயில் கப்பலில் முடிந்திருந்தது. சீஃப் என்னைக் கூப்பிட்டு, "மற்ற டிரம்மில் இருக்கிறதை விடு, ஒன்றும் ஆகாது, புத்தகத்தில் வழக்கமானதையே எழுது" என்றார். அது தடிப்பான ஒயில், வேறு வேலைக்கு உரியது. எனக்குத் தெரியும். ஊற்றினேன். பதிவுப் புத்தகத்தில் சரியான ஒயிலின் பெயரை என் கையால் எழுதினேன். செய்தவன் எழுதியதைத்தான் ஊற்ற வேண்டும் என்று உமக்குச் சட்டம் சொல்லி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

ஜூன் நாலாம் திகதி ரொமுலோ கிரேனை இயக்கினார். அரிசி மூட்டைகள் கட்டிய பலகை இறங்கும்போது பிறேக் பிடிக்கவில்லை. நேரே வந்து விழுந்தது. அவர் பின்னுக்குப் பாய்ந்தார், இடது கால் மட்டும் அகப்பட்டுவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. ஐம்பத்துநாலு வயது. திரும்பக் கப்பல் ஏறுவாரோ தெரியாது.

அன்று பின்னேரம் சீஃப் எழுதிய அறிக்கையில், 'இயக்கியவர் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் இறக்கினார்' என்று இருக்கிறது. அவர் பிழை என்றால் அவருக்குக் கிடைக்க வேண்டிய நட்டஈடு குறையும், ஒருவேளை கிடைக்காமலே போகும். கீழே சாட்சியாக என் கையெழுத்து.

தடிப்பான ஒயிலால்தான் பிறேக் பிடிக்கவில்லை என்று என்னால் சத்தியம் பண்ண ஏலாது. பிறேக்கும் பழசு. ஆனால் அவர் வேகமாக இறக்கவில்லை. நான் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டு இருந்தேன்.

டேர்பனில் கொம்பனியின் விசாரணையாளர் ஏறப்போகிறார். சீஃப், "ஒரே கதையைச் சொல்லு, நாலு மாதத்தில் நீயும் சீஃப்" என்கிறார். உண்மையைச் சொன்னால் என்னை இறக்கிவிடுவார்கள். என் சான்றிதழையே பிடித்து வைத்தாலும் வைப்பார்கள். பதினேழு வருடம், மெலனி. எனக்கு வேறு தொழில் தெரியாது.

நீர் என்ன நினைக்கிறீர்?

அஞ்சலோ


லிங்கநகர்
09.07.2024

அஞ்சலோ,

வாசித்துவிட்டு வெளியே போய் முற்றத்தில் நடந்தேன். உங்கள் மேல் கோபம் வந்தது. பிறகு பாலத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற என்னை நினைத்தேன், கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

நான் சொன்னது ஒரு கடையில், ஐந்து பேருக்கு முன்னால். எனக்குப் போனது கொஞ்சம் மானம். உங்களுக்குப் போகப்போவது தொழில். இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். பயமாக இருந்தால் அது ஞாயமான பயம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் நீங்கள் கேட்டீர்கள். எந்த ஒயில், எவ்வளவு, எந்த நாள், யார் சொன்னது, நீங்கள் எங்கே நின்று என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஒயிலால்தான் விழுந்தது என்று எழுத வேண்டாம், அது உங்களுக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். எனக்கு எழுதியது போதும். டேர்பனில் ஏறப்போகிறவருக்கு எழுதுங்கள்.

வேலை போனால் வீட்டுக்கு வாருங்கள். இங்கே கொள்ளை வேலை கிடக்கிறது. ஊரில் பாதிக் கார்கள் ஒயில் குறைந்துதான் ஓடுகின்றன.

உங்கள் மெலனி


டேர்பன்
24.07.2024

அன்புள்ள மெலனி,

சொல்லிவிட்டேன்.

விசாரணைக்கு வந்தவர் ஒரு பெண். அதிகம் கதைக்காதவர். நான் எழுதிக் கொண்டுபோன இரண்டு தாளையும் வாசித்துவிட்டு, "இதை ஏன் இப்போது தருகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். என் மனைவி காருக்கு ஒயில் மாற்றியதில் இருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால், "அன்றைக்கே தந்திருக்க வேண்டும்" என்றுதான் வாயில் வந்தது. அதுவே சரியான பதில்.

கிரேனில் இருந்து ஒயில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிறேக்கைக் கழற்றிப் பார்த்தார்கள், அதுவும் தேய்ந்திருந்தது. எது எவ்வளவு காரணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள். சீஃப் முதலில் மறுத்தார். ஒயில் சோதனை வந்த பிறகு சாப்பாட்டு மேசையில் என்னை விட்டு எழும்பிப் போனார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஊற்றியது என் கை.

பழைய அறிக்கையில் இருந்த அந்த வசனத்தை எடுத்துவிட்டார்கள். ரொமுலோவுக்கு நட்டஈடு முழுதும் கிடைக்கும் என்று விசாரணையாளர் சொன்னார். என்னைக் கப்பலில் இருந்து இறக்கியாகிவிட்டது. சான்றிதழ் விஷயம் விசாரணை முடிந்த பிறகுதான். மாதக் கணக்கு ஆகலாம். சீஃப் பதவி இனி இல்லை.

நேற்று ரொமுலோவுடன் வீடியோவில் கதைத்தேன். அவர் என்னைத் திட்டுவார், திட்டட்டும் என்று இருந்தேன். கால் முழுக்க இரும்பு மாட்டிக் கட்டிலில் படுத்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"செகண்ட், ஏழு கிழமையாக இந்தக் கையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். எந்த இடத்தில் பிழையாக இழுத்தேன், எந்த இடத்தில் என்று. என் பெண்சாதியிடமும் என் பிழைதான் என்று சொல்லிவிட்டேன்" என்றார்.

அழுதார். நானும்தான். அந்த அறிக்கையால் அவருடைய கைக்கு வர வேண்டிய காசு குறைவதைப் பற்றி மட்டும்தான் நான் யோசித்திருந்தேன். அவர் அதை நம்பியிருப்பார் என்று யோசிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் இரண்டாம் திகதி, காலை எட்டரைக்குக் கட்டுநாயக்கவில் இறங்குவேன். பஸ் பிடித்து வந்துவிடுவேன். கையில் ஒரு பெட்டிதான்.

அஞ்சலோ


லிங்கநகர்
28.07.2024

அன்பின் அஞ்சலோ,

பஸ் பிடிக்க வேண்டாம். நான் காரில் வருகிறேன்.

டீச்சர் வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். நேற்றுச் சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். முனீப் நானா வாசலில் நின்று, "பாத்துப் போங்க" என்றார். அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம். வழியில் டீச்சரிடம், "பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பயம்தான். வான்காரருக்கு அவர்ர வான்ல என்ன குறை எண்டு தெரியாது. உங்களுக்கு உங்கட காரில என்ன குறை எண்டு தெரியும். சொல்லியும் போட்டீங்க. நான் தெரிஞ்ச குறையோட போறன் மகள்" என்று சிரித்தார்.

போகும்போதும் வரும்போதும் கூவல் இல்லை. நான் காது கொடுத்துக்கொண்டே ஓடினேன். இனி எப்போதும் அப்படித்தான் ஓடுவேன் போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை டீச்சருக்கு முறை இல்லை. விடிய முன்பே வெளிக்கிட்டு எட்டு மணிக்கு அங்கே நிற்பேன். திரும்பும்போதும் நான்தான் ஓடுவேன், ஆறு மணித்தியாலம். நீங்கள் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லுவது உங்களுக்குக் கஷ்டம். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பேன்.

உங்கள் மெலனி